பி1 ஜெர்மன்: ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்

ஜெர்மன் படிப்பை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ1, ஏ2 வரைக்கும் எல்லோருக்கும் உற்சாகம்தான். பெயர் சொல்லலாம், ஊர் சொல்லலாம், கடையில் ரொட்டி கேட்டு வாங்கலாம். பி1 புத்தகத்தைத் திறந்ததும் ஒரு வாக்கியம் மூன்று வரிக்கு நீள்கிறது. வினைச்சொல் எங்கோ கடைசியில் கிடக்கிறது. நிறையப் பேர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான்.

நான் ஒரு நர்ஸ். டியூட்டி இல்லாத மாலைகளில் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் வீட்டு மாடியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று பல ஊர்களிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். பெரும்பாலும் நர்சிங் முடித்த பெண்கள், தமிழ் வழியில் படித்தவர்கள். ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு பெறப் பொதுவாக பி2 கேட்கிறார்கள், அதற்கு முன்னால் பி1. "எனக்கு இங்கிலீஷே தடுமாற்றம், ஜெர்மன் எப்படிக்கா வரும்?" என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்பார்கள். வரும். இந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

(ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒலி தோராயமானது. சரியான எழுத்துக்கூட்டை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

வாலைத் தூக்கி முன்னால் வையுங்கள்

"நான் நாளைக்கு ரயிலில் மதுரைக்குப் போவதால்" என்பதை ஜெர்மனில் சொல்லிப் பார்ப்போம். "வைல் இஷ் மோர்கன் மிட் டெம் ட்சூக் நாஹ் மதுரை ஃபாரெ." இஷ் என்றால் நான், மோர்கன் நாளைக்கு, மிட் டெம் ட்சூக் ரயிலில், நாஹ் மதுரை மதுரைக்கு, ஃபாரெ போகிறேன். வரிசை அப்படியே நம் வரிசை. முதலில் நேரம், பிறகு எதில் போகிறோம், அப்புறம் இடம், கடைசியில் வினை. மாறியது ஒன்றுதான்: "போவதால்" என்பதில் ஒட்டியிருந்த "தால்" பிரிந்து "வைல்" என்று வாக்கியத்தின் தலைக்குப் போய்விட்டது. இதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், எல்லாம் தலைகீழாக வரும். தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் புரட்டி, மறுபடி ஜெர்மனுக்குப் புரட்டுகிறவர் இரண்டு தடவை தலைகீழாக நிற்கிறார்.

ஆகவே துணை வாக்கியம் (இந்தப் "போவதால்" மாதிரி இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்து நிற்பது) வரும்போதெல்லாம் முதலில் தமிழில் முழுசாகச் சொல்லுங்கள். வினையின் வாலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். "ஆல்" என்றால் வென். "ஆலும்" என்றால் ஒப்வோல். "தால்" என்றால் வைல். "என்று" என்றால் டாஸ். "வருவானா என்று தெரியவில்லை" என்பதில் வருகிற அந்தக் கேள்வி "ஆ"வுக்கு ஓப். "முன்" என்றால் பெஃபோர், "பிறகு" என்றால் நாஹ்டேம், "முடிந்ததும்" என்பதில் வரும் "ததும்" ஸோபால்ட். "போது" மட்டும் கொஞ்சம் வம்பு பிடித்தது. கடந்த காலத்தில் ஒரே தடவை நடந்ததற்கு அல்ஸ், திரும்பத் திரும்ப நடப்பதற்கு வென், இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடந்தால் வேரெண்ட். வாலைக் கழற்றித் தலையில் வைத்து, மிச்சத்தை நம் வரிசையில் விட்டுவிடுங்கள்.

இரட்டை வினையிலும் இதே கதைதான். "வேலை செய்ய வேண்டும்" என்பது துணை வாக்கியத்தில் "ஆர்பைட்டன் முஸ்". செய்ய முதலில், வேண்டும் பின்னால். "வந்திருக்கிறார்" என்பது "கெகொம்மன் இஸ்ட்". வந்து முதலில், இருக்கிறார் பின்னால். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் இதை விதியாக மனப்பாடம் செய்கிறார்கள். நமக்கு அது நாக்கில் இருக்கிறது.

பயிற்சிக்குப் புத்தக வாக்கியம் வேண்டாம். அன்றைக்கு வீட்டில் காதில் விழுந்ததை எடுங்கள். கடற்கரை வீடுகளில் "ஆல்", "தால்" இல்லாமல் யாரும் பேசுவதில்லை, எல்லாமே காற்றையும் கடலையும் பொறுத்தது. "காத்து பலமா இருக்கிறதால இன்னைக்கு வள்ளம் போகாது" என்று அம்மா சொன்னால்: "வைல் டெர் விண்ட் ஷ்டார்க் இஸ்ட், ஃபாரென் டீ போட்டெ ஹொய்டெ நிஷ்ட்." "மழை பெய்தாலும் அவர் கடலுக்குப் போகிறார்": "ஒப்வோல் எஸ் ரேக்னெட், ஃபேர்ட் எர் ஆவுஃப்ஸ் மேர்." "தடைக்காலம் முடிஞ்சதும் அண்ணன் மறுபடி கடலுக்குப் போவான்": "ஸோபால்ட் டாஸ் ஃபாங்ஃபெர்போட் ட்சு எண்டெ இஸ்ட், ஃபேர்ட் மைன் ப்ரூடர் வீடர் ஆவுஃப்ஸ் மேர்." துணை வாக்கியம் முதலில் வந்தால், காற்புள்ளி முடிந்த உடனே முக்கிய வாக்கியத்தின் வினை வந்துவிடுகிறது. ஃபாரென், ஃபேர்ட் இரண்டும் எங்கே நிற்கின்றன என்று மறுபடி பாருங்கள்.

எனக்குக் குளிருது

வேற்றுமை என்றதும் பயப்படுகிறார்கள். எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவர்கள் நாம், அங்கே இருப்பது நான்கு.

நமக்கு மிகவும் உதவுவது "க்கு". எனக்குக் குளிருது: "மிர் இஸ்ட் கால்ட்." எனக்குத் தலை சுற்றுது: "மிர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்." எனக்குத் தலை வலிக்கிறது: "மிர் டூட் டெர் கொப்ஃப் வே." எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது: "மிர் கெஃபெல்ட் டாஸ் ஹவுஸ்." எல்லா இடத்திலும் "எனக்கு" தான் "மிர்". ஆங்கிலத்தில் யோசித்தால் "நான் குளிராக இருக்கிறேன்" என்ற கட்டுமானம் வந்து, "இஷ் பின் கால்ட்" என்று வாய் தவறும். மருத்துவமனையில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த வாக்கியங்கள் தினமும் காதில் விழும், நோயாளி பேசுவதே இதைத்தான். அவருக்கு உதவுகிறேன், அவருக்கு நன்றி சொல்கிறேன், அவருக்குப் பதில் சொல்கிறேன், இது அவருக்குச் சொந்தம்: ஹெல்ஃபன், டாங்கன், ஆண்ட்வோர்ட்டன், கெஹோரன் ஆகிய நான்கு வினைக்கும் டாட்டிஃப் என்கிற இந்த "க்கு" வேற்றுமைதான்.

எல்லாம் பொருந்திவிடாது. நாம் "அவரிடம் கேட்கிறேன்" என்கிறோம், ஜெர்மனில் ஃப்ராகன் வினைக்கு "அவரை" வரும். நாம் "அவரை நம்புகிறேன்" என்கிறோம், ஜெர்மனில் க்ளௌபன் வினைக்கு "அவருக்கு". இப்படி முரண்டு பிடிக்கிற வினைகளை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பட்டியல் அவ்வளவு நீளம் போகாது.

அப்புறம் நர்ஸ்களுக்கு ஒன்று. நோயாளி என்பது "டெர் பட்ஸியென்ட்". ஆனால் அவரைக் கேட்டாலும், அவருக்கு உதவினாலும் "பட்ஸியென்டன்" ஆகிவிடும். வாயைத் திறந்தால் வருகிற சொல் இது, முதல் வாரத்திலேயே பழகிவிடுங்கள்.

தமிழ் கைகொடுக்காத இடங்கள்

மூன்று இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, முக்கிய வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும் என்பது. "நேற்று நான் ராமநாதபுரம் போனேன்" என்பது "கெஸ்டர்ன் பின் இஷ் நாஹ் ராமநாதபுரம் கெஃபாரென்". "கெஸ்டர்ன்" (நேற்று) முதலில் வந்துவிட்டதால் "பின்" என்கிற வினை உடனே வருகிறது, "இஷ்" (நான்) அதற்கும் பின்னால். இதற்கு மருந்து டைரிதான். தினமும் சில வரி எழுதுங்கள். ஒரு வரிகூட "இஷ்" என்று தொடங்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில், டியூட்டிக்குப் பிறகு, பஸ் ஸ்டாண்டில், அம்மாவோடு என்று தொடங்கித் தொடங்கி எழுதினால் வினை தானாக இடம் பிடிக்கும்.

இரண்டாவது, பெயரெச்சம். "நான் வேலை பார்த்த மருத்துவமனை" என்று நாம் சொல்லும்போது "மருத்துவமனையில்" என்ற "இல்" காணாமல் போய்விடுகிறது. ஜெர்மன் அதை விடாது: "டாஸ் க்ராங்கன்ஹவுஸ், இன் டேம் இஷ் கெஆர்பைட்டெட் ஹாபெ." அந்த "இன்" விடுபட்டால் பிழை. என் வகுப்பில் பி1 விடைத்தாளைத் திருத்தும்போது சிவப்பு மை அதிகம் விழுவது இந்த இடத்தில்தான். எனவே முதலில் இரண்டு வாக்கியமாகச் சொல்லுங்கள்: அது ஒரு மருத்துவமனை, நான் அந்த மருத்துவமனையில் வேலை பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்தில் "இல்" தெரிகிறதா? அதைத்தான் "இன் டேம்" என்று கொண்டுவர வேண்டும். நம் பெயரெச்சம் மாதிரியே ஜெர்மனிலும் ஒன்று உண்டு. "நேற்று வாங்கிய மீன்" என்பதை "டெர் கெஸ்டர்ன் கெகௌஃப்டெ ஃபிஷ்" என்று சொல் மாறாமல் சொல்லலாம். ஆனால் அது செய்தித்தாளிலும் அலுவலகக் கடிதங்களிலும் வருகிற நடை. படித்தால் புரிந்துகொள்ளுங்கள், பி1-இல் பேச வேண்டாம்.

மூன்றாவது, "இல்" செய்யும் குழப்பம். "வலை வள்ளத்தில் கிடக்கிறது", "வலையை வள்ளத்தில் போடுகிறேன்" இரண்டுக்கும் நமக்கு "இல்" போதும். ஜெர்மனில் கிடந்தால் "இம் போட்", போட்டால் "இன்ஸ் போட்". ஏற்கெனவே அங்கே இருக்கிறதா, இப்போது அங்கே போய்ச் சேர்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். லீகன்–லேகன், ஷ்டேஹன்–ஷ்டெல்லன், ஸிட்ஸன்–ஸெட்ஸன் ஆகிய ஜோடிகளை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதன் பாலைக் காட்ட வரும் டெர், டீ, டாஸ் பற்றி நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை. காரணம் தேடாதீர்கள். உங், ஹைட், கைட், ஷாஃப்ட், ட்ஸியோன் என்று முடிந்தால் டீ, ஷென் என்று முடிந்தால் டாஸ். மிச்சத்தைப் பொருளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, பன்மையோடு சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். பாம்பன் பக்கம் கரையில் ஒரு நடை நடந்தால் ஒரு பக்கம் நிரம்பும்: டாஸ் போட் – டீ போட்டெ, டாஸ் நெட்ஸ் – டீ நெட்ஸெ, டெர் ஃபிஷ் – டீ ஃபிஷெ, டீ கர்னேலெ – டீ கர்னேலன் என்று இறால் வரைக்கும். கணவாய்க்கு டெர் டிண்டன்ஃபிஷ், சிப்பிக்கு டீ முஷல், நங்கூரத்துக்கு டெர் ஆங்கர்.

அதைவிட முக்கியம், வினையோடு ஒட்டி வரும் முன்னிடைச் சொற்கள். பி1-இன் உண்மையான பாரம் இதுதான். காத்திருக்க வார்ட்டன் ஆவுஃப், நினைக்க டெங்கன் ஆன், கவனித்துக்கொள்ள ஸிஷ் க்யூமர்ன் உம், பயத்துக்கு ஆங்ஸ்ட் ஃபோர். ஸிஷ் ஃப்ரொயன் ஆவுஃப் என்றால் வரப்போவதை எண்ணி மகிழ்வது, யூபர் வந்தால் கிடைத்ததை எண்ணி மகிழ்வது. பட்டியலாகப் படித்தால் ஒரு வாரம்கூட நிற்காது. ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டு ஆளை வைத்து ஒரு வாக்கியம் கட்டுங்கள். "மைனெ முட்டர் வார்ட்டெட் ஆவுஃப் டாஸ் போட்." வள்ளத்துக்காகக் காத்திருக்கும் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவளுக்கு "ஆவுஃப்" மறக்காது.

காது

குறில், நெடில் நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. ஷ்டாட் என்று நீட்டினால் அரசு, குறுக்கினால் நகரம். ஓஃபன் என்றால் அடுப்பு, ஒஃபன் என்றால் திறந்திருப்பது. சுலபமாகப் பிடித்துவிடுவோம். நம் தொல்லை க, ட, ப. நமக்கு ஒரே எழுத்து, அவர்களுக்கு இரண்டு. தோட்டமும் அட்டைகளும் நம் எழுத்தில் ஒரே "கார்ட்டன்", நன்றி சொல்வதும் பெட்ரோல் போடுவதும் ஒரே "டாங்கன்". தோட்டத்தைச் சொல்லப்போய் அட்டைகள் என்று சொல்லிவிடுவோம், நன்றி சொல்லப்போய் பெட்ரோல் போடுவோம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வையுங்கள். அட்டைகளுக்கான "க"வில் காற்று கையில் படவேண்டும், தோட்டத்துக்கான "க"வில் படக்கூடாது. "யூ" மாதிரி கேட்கும் அந்தப் புள்ளி வைத்த எழுத்துக்கு, "ஈ" என்று நீட்டிக்கொண்டே உதட்டை மட்டும் "ஊ"வுக்குக் குவியுங்கள்.

கேட்பதற்கு டாய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளை எழுத்து வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. கடற்கரையில் சிக்னல் வந்து வந்து போகும், எனவே வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒரு வாரத்துக்கானதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்க்காமல் முதலில் கேளுங்கள். யார், எங்கே, எத்தனை என்பதை மட்டும் குறியுங்கள். இரண்டாவது தடவை கேட்டு நிரப்புங்கள். எழுத்து மூன்றாவதுதான். உடனே எழுத்தைத் திறக்கிறவருக்குக் கண் பழகும், காது பழகாது. கோதே நிறுவனம் நடத்தும் பி1 தேர்வில், கேட்கும் பிரிவின் நான்கு பகுதிகளில் இரண்டை ஒரே தடவைதான் ஒலிபரப்புவார்கள்.

எண்களுக்குத் தனியாக மெனக்கெடுங்கள். நாற்பத்தி ஏழை "ஏழும் நாற்பதும்" என்று சொல்வார்கள்: "ஸீபன் உண்ட் ஃபியர்ட்ஸிஷ்". மீன் ஏலத்துக்குப் போகிற வழக்கம் இருந்தால் விலை ஏற ஏற ஜெர்மனில் முணுமுணுத்துப் பாருங்கள், ஏலக்காரரின் வேகத்துக்குச் சொல்ல வந்துவிட்டால் எந்த ஒலிநாடாவும் பயமுறுத்தாது. நேரம் இன்னொரு கண்ணி. "ஹால்ப் ட்ரை" என்றால் இரண்டரை, மூன்றரை இல்லை. டியூட்டி நேரத்தை இப்படித் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு மணி நேரம் தாமதம்.

எழுத்தும் பேச்சும்

கோதே பி1-இல் எழுத்துக்கு 60 நிமிடம், மூன்று வேலை: நண்பருக்குச் சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல், ஒரு விஷயத்தைப் பற்றிய கருத்து அதே 80, பிறகு மரியாதையான சின்ன மின்னஞ்சல் சுமார் 40 சொல். கேட்ட குறிப்புகள் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கவேண்டும். அழகாக எழுதி ஒன்றை விட்டுவிடுவதைவிட, சாதாரணமாக எழுதி எல்லாவற்றையும் தொடுவது மேல். தொடக்கமும் முடிவும் தூக்கத்தில் கேட்டாலும் வரவேண்டும். நண்பருக்கு "லீபெ" அல்லது "லீபர்", முடிவில் "ஃபீலெ க்ரூஸெ". அலுவலகத்துக்கு "ஸேர் கெஏர்டெ டாமென் உண்ட் ஹெர்ரன்", முடிவில் "மிட் ஃப்ரொய்ண்ட்லிஷன் க்ரூஸன்". நடுவில் நீ போட்டால் கடைசி வரை நீ, நீங்கள் போட்டால் கடைசி வரை நீங்கள். இந்த வித்தியாசத்தைத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் அவசரத்தில் கலந்துவிடுகிறார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று விஷயத்தைப் பாருங்கள்: வினை நிற்கும் இடம், பெயர்ச்சொல்லுக்குப் பெரிய எழுத்து, துணை வாக்கியத்துக்கு முன் காற்புள்ளி.

பேச்சுத் தேர்வு ஜோடியாக நடக்கும். முதலில் இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிட வேண்டும். நம் பிள்ளைகள் இங்கேதான் மரியாதை காட்டி மதிப்பெண்ணை விடுகிறார்கள். எதிரில் இருப்பவர் எது சொன்னாலும் "யா, குட்" என்று தலையாட்டினால் நீங்கள் எதுவும் பேசவில்லை என்றுதான் கணக்கு. மறுக்கப் பழகுங்கள். "டாஸ் ஃபிண்டெ இஷ் நிஷ்ட் ஸோ குட்" என்று சொல்லிவிட்டு, "வீ வேரெ எஸ், வென் விர்..." என்று வேறு யோசனையைப் போடுங்கள். வகுப்பில் நான் வேண்டுமென்றே மட்டமான யோசனை சொல்லுவேன், சித்திரை வெயிலில் தனுஷ்கோடிக்கு நடந்தே போகலாம் என்பது மாதிரி. ஒத்துக்கொள்கிறவள் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும்.

இரண்டாவது பகுதி, ஐந்து படங்களை வைத்து ஒரு சின்ன உரை. அதில் ஒன்று உங்கள் அனுபவம், ஒன்று உங்கள் நாட்டில் நிலைமை. இதற்குச் சரக்கு தேடி அலையாதீர்கள், ஊரே சரக்கு. சுற்றுச்சூழல் என்று வந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடையைச் சொல்லலாம், எதற்காக என்று விளக்கலாம்: மீன் இனப்பெருக்கம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சொல்லலாம். போக்குவரத்து என்றால் 2025 ஏப்ரலில் திறந்த, நடுவில் மேலே தூக்கிக்கொள்ளும் புதிய பாம்பன் பாலம் இருக்கிறது, பழைய பாலம் 1914-இல் வந்தது. தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். மனப்பாட உரையை ஒப்பிக்கிறவரிடம் அவருக்குக் கேட்க எதுவும் இருக்காது, மூன்றாவது பகுதியில் கேள்வி கேட்டாக வேண்டுமே.

தேர்வுக்குப் போகும் முன்

"மூன்று மாதத்தில் பி2, வேலை உத்தரவாதம்" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் மொத்தப் பணத்தையும் முதலில் கட்டாதீர்கள். எங்கள் பக்கத்திலேயே அப்படிக் கட்டிவிட்டு, ஏ2-வுக்கே திண்டாடிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். பி1-ஐ எட்டவே, முன்னறிவைப் பொறுத்து, 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை ஆகும் என்பது கோதே நிறுவனத்தின் கணக்கு. தினமும் இரண்டு பாடவேளை என்று வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.

சென்னையில் கோதே நிறுவனத்தை மாக்ஸ் முல்லர் பவன் என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும், நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. இரவு ரயிலில் போய் இறங்கி நேராகத் தேர்வு அறைக்குப் போகாதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போய்த் தூங்குங்கள், தூக்கம் கெட்டால் முதலில் போவது காது. படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என நான்கும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். எழுத்தில் மட்டும் போய்விட்டால் எழுத்தை மட்டும் திரும்ப எழுதினால் போதும், மற்ற மூன்றுக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை.